மலைவீட்டில் பேட்டி எடுக்க: மைக், வெளிச்சம், கேமரா எதை எடுப்பது, எதை விடுவது?

நீலகிரியில், கூடலூரில் பள்ளி ஆசிரியை ஒருவர், குன்னூரில் கல்லூரி முடித்த தம்பி ஒருவர். ஒரே மாதத்தில் இரண்டு பேரும் என்னிடம் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. ஆசிரியைக்குத் தன் மாணவர்களின் தாத்தா பாட்டிகளைப் பேசவைத்துப் படம் எடுத்து வைக்க ஆசை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. தம்பிக்குத் தன் ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கும் பெரியவர்களிடமிருந்து படுகு மொழிக் கதைகளையும் பாட்டுகளையும் பதிவு செய்ய வேண்டும். "கையில் 40,000 ரூபாய் இருக்கிறது அண்ணா. கேமரா வாங்கவா, லைட் வாங்கவா?" என்றார். ஆசிரியை கேட்டதும் அதையேதான். மைக் பற்றி இருவருமே கேட்கவில்லை.

கோத்தகிரியில் இருந்துகொண்டு சில வருடங்களாகப் பெரியவர்களின் பேச்சைப் படமெடுத்து வருகிறேன். எடுத்ததில் வீணாய்ப் போனவற்றைத் திருப்பிப் பார்த்தால், படம் சுமாராக இருந்ததால் வீணானது ஒன்றுகூட இல்லை. எல்லாமே பேச்சு கேட்காமல் போனவை. முகம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். குரல் தகரக் கூரை மழைக்குள் புதைந்துவிட்டால் இரண்டாவது நிமிடம் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் என் வரிசை இதுதான்: முதலில் ஒலி, அப்புறம் வெளிச்சம், கடைசியில் கேமரா. பணத்தையும் அந்த வரிசையில்தான் பிரிக்கச் சொல்வேன்.

## எதை வைத்து எடை போடுவது

கடைக்குப் போகும் முன் உட்காரப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எழுபது, எண்பது வயது. ஆதாருக்கும் ஓட்டர் கார்டுக்கும் தவிர கேமரா முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் முன்னால் சாமான்கள் கூடக் கூட அவர் பேச்சு குறையும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல் இதுதான்.

அடுத்தது அறை. லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) முன்னறை பத்துக்குப் பத்து அடி இருந்தால் பெரிது. சுவர் அடர்நீலம் அல்லது பச்சை, சமையற்கட்டு புகையில் கறுத்திருக்கும், மேலே தகரம், கீழே சிமெண்ட். இதில் பெரிய விளக்கும் ஸ்டாண்டும் நுழையுமா என்று பார்க்க வேண்டும். நுழைந்தாலும், நீங்கள் நிற்க இடம் இருக்குமா?

மூன்றாவது மின்சாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நான்காவது சுற்றியிருக்கும் சத்தம்: தேயிலைத் தொழிற்சாலையின் மின்விசிறிகள், கொண்டை ஊசி வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன், கவ்வாத்து மெஷின், காற்றில் இரையும் சில்வர் ஓக் மரங்கள். ஐந்தாவது தூக்குகிற பாரம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை தேயிலைச் செடிகளுக்கு நடுவே படிக்கட்டுதான் பாதை. முதுகில் ஒரு பை, கையில் ஒரு ஸ்டாண்ட், அதற்கு மேல் ஒரு ஆளால் முடியாது.

இதோடு ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கும்போது யாரும் சொல்லாத செலவு அது. கேமரா பகுதியில் வருகிறேன்.

## ஒலி

### வயர் காலர் மைக்

ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்திவிட்டால், பேசுகிறவர் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் குரல் ஒரே மாதிரி வரும். விலைக்கு இதைவிட நல்ல ஒலி கிடையாது.

இதன் சிக்கல் கம்பளியும் சால்வையும்தான். சமவெளியில் சட்டைக் காலரில் குத்திவிட்டு மறந்துவிடலாம். இங்கே ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, கழுத்தில் பாசிமணி. ஒவ்வொரு அசைவும் மைக்கில் சரசரவென்று உரசும். மைக்கை சால்வைக்கு உள்ளே ஒளிக்காமல் வெளி ஓரத்தில் குத்துங்கள். வயரை ஒரு சிறு வளையமாக மடித்து டேப் ஒட்டிவிட்டால் இழுப்பு மைக்குக்குப் போகாது. பாசிமணியை மட்டும் பக்கவாட்டில் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பின். செல்போனுக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையம், கேமராவுக்கான பின்னில் இரண்டு. மாற்றிச் செருகினால் ஒலி ஏறாது, அல்லது போனின் சொந்த மைக்கே ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஹெட்போன் மாட்டிக் கேட்பது. ஹெட்போன் இல்லாமல் பேட்டிக்குப் போகவே கூடாது.

வயரின் இன்னொரு ஆபத்தை ஒரு சமையற்கட்டில் கற்றுக்கொண்டேன். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்த நாட்களைப் பற்றி ஓர் அப்பாயி சொல்லிக்கொண்டிருந்தார். முகாமில் கிடைத்த அரிசியை எப்படிப் பங்கு போட்டார்கள் என்று ஆரம்பித்த இடம். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. எழுபது வருடப் பழக்கம், சட்டென்று எழுந்து நடந்துவிட்டார். ஆறு மீட்டர் வயர் இழுபட்டு ஸ்டாண்டோடு போன் தரையில் விழுந்தது. கண்ணாடி விரிசல் விட்டதை மாற்றிக்கொள்ளலாம். பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தவர், "எங்க விட்டேன் தம்பி?" என்று கேட்டு, அரிசிக் கதையை இரண்டே வரியில் முடித்துவிட்டார். முதலில் தொடங்கிய அந்த நிதானம் திரும்பி வரவே இல்லை.

வயர் காலர் மைக் யாருக்கு? பணம் குறைவாக இருப்பவர்களுக்கு, பேசுகிறவர் நாற்காலியை விட்டு எழ மாட்டார் என்பது உறுதியாக இருக்கும்போது.

### மடியில் ரெக்கார்டர்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் மாறியது இதற்குத்தான். அதே வயர் காலர் மைக்தான். ஆனால் அது போனுக்கோ கேமராவுக்கோ போகாது. உள்ளங்கை அளவு சின்ன ரெக்கார்டருக்குப் போகும். ரெக்கார்டர் தாத்தாவின் சட்டைப் பையில், அல்லது பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பையில். வெற்றிலைக்குப் பக்கத்தில் அது இருப்பதைப் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறார்கள். எழுந்து பால் இறக்கலாம், வாசலுக்குப் போய் நாயை விரட்டலாம், குரல் அறுபடாது.

32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவாகும் ரெக்கார்டர்கள் இப்போது சின்ன அளவிலேயே வருகின்றன. மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேரனைக் கத்திக் கூப்பிட்டாலும் ஒலி உடையாது. பிறகு கணினியில் இறக்கிக்கொள்ளலாம். தனியாளாகப் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி, ஒலி அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

மறைவான செலவு நேரம். ஒலி ஒரு கோப்பு, படம் வேறு கோப்பு. தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒரு முறை கை தட்டிவிட்டு, வீட்டில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்த வேண்டும். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. கூடவே ரெக்கார்டர் பொத்தானைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சுருக்குப்பைக்குள் சாவிக்கொத்து பட்டு நின்றுவிடக் கூடாது. பேசும்போது நீங்கள் ஹெட்போனில் கேட்க முடியாது என்பது உண்மையான குறை. அதனால் பேச்சு தொடங்கும் முன் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுவிட்டுத்தான் பையில் போடுவேன்.

### வயர்லெஸ் காலர் மைக்

வயர் தொல்லை இல்லை, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்கலாம், படத்தோடு ஒலி சேர்ந்தே பதிவாகும். நல்லது வேண்டுமென்றால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்ப வேண்டாம், அது குறுக்கே எதுவும் இல்லாத திறந்த வெளிக்கான கணக்கு. இந்த வகையில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. மனித உடம்பே அதைத் தடுக்கும். பேசுகிறவர் முதுகைக் காட்டித் திரும்பினாலே விட்டுவிட்டுக் கேட்கலாம். வைஃபை நெருக்கடி உள்ள ஊட்டி, குன்னூர் விடுதிகளை விட ஒதுக்குப்புறமான ஹட்டியில் இது நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, மைக்கின் கிளிப்பில் அந்த டிரான்ஸ்மிட்டர் பெட்டியே நெஞ்சில் தொங்கும். பேட்டியில் அது எடுப்பாகத் தெரிவது எனக்குப் பிடிப்பதில்லை. உள்ளேயே பதிவு செய்துகொள்ளும் வசதி உள்ள மாடல் என்றால் மட்டும் வாங்குங்கள், சிக்னல் அறுந்தாலும் பேச்சு தப்பிக்கும். பேட்டரி மாற்ற முடியாத வகை என்றால் இரண்டு மூன்று வருடத்தில் அதன் ஆயுள் குறையும், அதுதான் மறைவான செலவு.

நடந்துகொண்டே பேசுவதற்கு, தோட்டத்தில் கொழுந்து பறித்தபடி பேசுவதற்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வெளியே போனால் மைக்குக்கு ரோம உறை கட்டாயம். பஞ்சு உறை மலைக்காற்றுக்குப் போதாது.

### பூம் மைக்

சினிமாக்காரர்கள் தலைக்கு மேல் பிடிப்பது. உடையில் எதுவும் குத்த வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பலம். தோடர்களின் பூத்துக்குளியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கையால் போட்ட பூவேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. உடம்பைச் சுற்றிப் போர்த்தும் துணி அது. மைக் குத்த ஒழுங்கான இடம் இல்லை. கிளிப்பின் பல் நூலை இழுத்துவிடும் என்ற பயமும் உண்டு. அங்கே பூம்தான் மரியாதை.

ஆனால் சின்ன அறையில் ஷாட்கன் எனும் குழாய்போல் நீளமான மைக் ஏமாற்றும். சிமெண்ட் தரையிலும் தகரத்திலும் மோதித் திரும்பும் ஒலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, குடத்துக்குள் பேசுவதுபோல ஆக்கிவிடும். அறைக்குள் என்றால் குட்டையான ஹைப்பர்கார்டியாய்ட் (முக்கியமாக முன்னால் வரும் ஒலியைப் பிடிப்பது) வகை நல்லது. முகத்துக்கு மேலே, சற்று முன்னால், ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடிக்குள் இருக்க வேண்டும். அதைப் பிடிக்க ஒரு ஆள் அல்லது கனமான ஸ்டாண்ட், மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் ரெக்கார்டர் எல்லாம் சேர்ந்தால் படிக்கட்டில் தூக்கும் பாரம் இரண்டு மடங்கு.

எந்த மைக்காக இருந்தாலும் அறையைக் கொஞ்சம் அடக்கினால் பாதி வேலை முடிந்தது. மலைவீட்டில் கம்பளிக்குப் பஞ்சமில்லை. கேமராவுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு கம்பளிகளைத் தொங்கவிடுங்கள், தரையில் பாயோ சாக்கோ விரியுங்கள். எதிரொலி அடங்குவது ஹெட்போனில் உடனே தெரியும். மழைக்கு மட்டும் மருந்து இல்லை. தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் எல்லா மைக்கும் ஒன்றுதான், தேநீர் குடித்தபடி காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

## வெளிச்சம்

### ஜன்னல்

காசு கேட்காத விளக்கு. மூடுபனி நாளில் வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணிபோல் ஒளியை மெதுவாக்கித் தரும். சுருக்கம் விழுந்த முகத்துக்கு அதைவிட அழகான வெளிச்சத்தை நான் எந்த விளக்கிலும் பார்த்ததில்லை. ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். கேள்வி கேட்பவர் ஜன்னலுக்கும் கேமராவுக்கும் நடுவில், அவர் உட்கார்ந்திருக்கும் அதே உயரத்தில் உட்காரட்டும். பேசுகிறவர் வெளிச்சத்தின் பக்கம் பார்ப்பார், கேமரா பக்கக் கன்னத்தில் லேசான நிழல் விழும், முகத்துக்கு உருவம் வரும். நிழல் அதிகம் என்றால் அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். தெர்மோகோல் அட்டை தூக்கி வர வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையாக உள்ள மாவட்டத்தில் அதை உடைத்துப் போட்டுவிட்டு வருவதும் சரியில்லை.

அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிட வேண்டும். மூடுபனி வானத்தின் ஒளி 6,500 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மேல் நீலம் சாய்ந்தது. பல்பு 2,700 சுமாருக்கு மஞ்சள். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்தக் கணினியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அடுப்புத் தீ மட்டும் பின்னணியில் எரியட்டும், அழகுதான்.

ஜன்னலின் மறைவான விலை, அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது. மேகம் விலகினால் முகம் வெளுக்கும், மூடினால் இருளும். ஒரு மணி நேரப் பேட்டியில் பத்து விதமான வெளிச்சம் வந்துவிட்டால், பிறகு வெட்டி ஒட்டுவது பெரும்பாடு. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் சின்ன ஜன்னலில் வெளிச்சமே இராது. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை எனக்குப் பிடித்த நேரம். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரம் செடியில் இருப்பார்கள், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

### பேட்டரி எல்இடி பேனல்

ஜன்னலை நம்ப முடியாத இடத்தில் இதுவே என் தேர்வு. சின்ன அறையில் சின்ன விளக்கே போதும் என்பதற்குக் காரணம் எளிது: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நான்கு அடியிலிருந்த விளக்கை இரண்டு அடிக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு வெளிச்சம். 30 வாட் பேனலை முகத்துக்கு அருகே, முன்னால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியோடு வைத்தால் ஜன்னலைப் போலவே இருக்கும். சுவரில் அடித்துத் திருப்பும் பழக்கம் இருந்தால் இங்கே வேண்டாம், நீலச் சுவர் முகத்தை நீலமாக்கும்.

பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 95 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். குறைந்த எண் உள்ள மலிவு விளக்கில் நம் தோல்நிறம் சாம்பல் பூத்ததுபோல் வரும். எஃப்970 வகைப் பேட்டரி ஒன்றில் 45 வாட்-மணி சுமார் இருக்கும். 30 வாட் பேனல் முழு வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும். ஜனவரிக் குளிரில் அவ்வளவு வராது. அதனால் பேனலின் விலையோடு இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு ஸ்டாண்ட் விலையையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். கண்ணாடி போட்டவர் என்றால் விளக்கை உயர்த்துங்கள், கண்ணாடியில் விழும் வெள்ளைக் கட்டம் போய்விடும்.

### கரண்டில் எரியும் பெரிய விளக்கு

கல்யாண வீடியோக்காரர்கள் முன்பு வைத்திருந்த 1,000 வாட் ஹாலஜன் இன்னும் சில இடங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. தயவுசெய்து லைன் வீட்டில் செருகாதீர்கள். 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரும் பழைய பியூஸும் தாங்காது, சின்ன அறை சூடாகி வயதானவருக்கு மூச்சு முட்டும். சாஃப்ட்பாக்ஸோடு (ஒளியை மென்மையாக்கும் துணிக்கூடு) வரும் 60 வாட் எல்இடி நல்ல கருவி, ஆனால் அந்தச் சாஃப்ட்பாக்ஸ் விரிந்தால் பாதி அறை போய்விடும். பள்ளிக்கூட ஹால், சமுதாயக் கூடம், நூலகம் போன்ற இடங்களில் ஒரே நாளில் பத்துப் பேரை வரிசையாக உட்காரவைத்து எடுக்கும்போது மட்டும் இது மற்ற இரண்டையும் வெல்லும்.

## கேமரா

### கையில் இருக்கும் போன்

கேமரா முன்னால் கூச்சப்படும் பெரியவர்கள் போன் முன்னால் அவ்வளவு கூச்சப்படுவதில்லை, பேரன் கையில் பார்த்துப் பழகியது. அதுவே பெரிய வரவு. வைடு லென்ஸை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும்; ஐந்தாறு அடி தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். திரையில் முகம் தெரியும் இடத்தைத் தொட்டுப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். படுகப் பெரியவர்கள் வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாக உட்காருவார்கள். தானாக விட்டால் போன் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். பின்னணியைப் போலியாக மங்கலாக்கும் மோட் வேண்டாம், தலைப்பாகையின் ஓரம் கரைந்து கரைந்து தெரியும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் வழக்கமாக எடுக்கும் நொடிக்கு 30 பிரேமில் படத்தில் கோடுகள் ஓடலாம். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் தீர்ந்தது. பிளாக்மேஜிக் கேமரா செயலியில் இதையெல்லாம் இலவசமாகக் கையால் வைத்துக்கொள்ளலாம். ஏரோப்ளேன் மோட் போட மறக்காதீர்கள். ஐபோனில் 4கே 30 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 170 எம்பி சுமார், அதாவது மணிக்கு 10 ஜிபி. போனில் அவ்வளவு காலி இடம் இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள்.

### மிர்ரர்லெஸ் கேமரா

மங்கிய சமையற்கட்டில் போன் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும் இடத்தில் லென்ஸ் மாற்றக்கூடிய இந்தக் கேமரா தெளிவாக எடுக்கும். 50 எம்எம் லென்ஸில் முகம் இயல்பாக இருக்கும். நூலகத்தில் வைக்க, பெரிய திரையில் போட, பல வருடம் தொடர்ந்து செய்ய என்று இருப்பவர்களுக்கு இதுதான்.

ஆனால் மறைவான செலவுகள் அதிகம் இதில்தான். லென்ஸோடு வாங்கினாலே 50,000-ஐத் தாண்டுகிறது. 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. கார்டு, ஹார்டுடிஸ்க் இரண்டு, வேகமான கணினி எல்லாம் பின்னாலேயே வரும். பழைய மாடலைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினால் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும் கேமராவா என்று கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் அரை மணி கழித்துத்தான் மனம் திறந்து பேச ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் ஈரம். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபரிலிருந்து குன்னூர், கோத்தகிரி பக்கமும் வாரக்கணக்கில் துணி காயாது. அந்த நாட்களில் பையில் மூடி வைத்த லென்ஸை எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல்போல் பூஞ்சை ஓடியிருக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், உள்ளே 40 முதல் 50 சதவீதம். இந்த மூன்றும் கேமராவோடு சேர்த்து வாங்க வேண்டியவை. பனியில் நடந்து வந்து அடுப்பெரியும் அறைக்குள் நுழைந்ததும் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படரும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அறையிலேயே வைத்துவிட்டு, அதுவரை பேசிப் பழகிக்கொண்டிருங்கள். அந்த அரை மணி எப்படியும் தேவைதான்.

### இரண்டு கேமரா

ஒன்று முகத்துக்கு, ஒன்று அகலமாக. தேவையில்லாத இடத்தை வெட்டினாலும் துள்ளல் தெரியாது. கைவேலையைக் காட்டும் பேட்டிக்கு, உதாரணமாக ஊசி ஓடும் விரல்களுக்கு, இரண்டாவது கேமரா உண்மையிலேயே வேண்டும். மற்றபடி, 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிட்டால் ஒரே படத்திலிருந்து அகலமும் நெருக்கமும் இரண்டும் எடுத்துக்கொள்ளலாம், 4கே-யில் நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. இரண்டாவது கேமராவின் செலவு எடிட்டிங் மேசையில்தான் தெரியும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | எங்கே சிறந்தது | எங்கே வேண்டாம் | மறைவான செலவு |
|---|---|---|---|
| வயர் காலர் மைக் | அசையாமல் உட்காருபவர் | எழுந்து நடப்பவர் | பின் மாற்றி, உரசல் |
| மடியில் ரெக்கார்டர் | தனியாள், வீட்டுப் பேட்டி | உடனே வெளியிட வேண்டியது | ஒலி பொருத்தும் நேரம் |
| வயர்லெஸ் | நடந்து பேசுதல் | வைஃபை நெருக்கடி | பேட்டரி ஆயுள், ரோம உறை |
| பூம் | போர்த்திய உடை, கூடுதல் ஆள் | குறுகிய தகர அறை | ஸ்டாண்ட், பாரம் |
| ஜன்னல் | காலை, மூடுபனி நாள் | பிற்பகல், நீண்ட பேச்சு | வெளிச்சம் மாறுதல் |
| பேட்டரி எல்இடி | இருண்ட வீடு, கரண்ட் இல்லாத நாள் | பெரிய ஹால் | பேட்டரி, ஸ்டாண்ட் |
| பெரிய விளக்கு | ஹாலில் பலர் | லைன் வீடு | இடம், மின்சாரம் |
| போன் | கூச்சம் உள்ளவர், தொடக்கக்காரர் | மங்கிய அறை | காலி இடம் |
| மிர்ரர்லெஸ் | நெடுநாள் திட்டம் | எப்போதாவது எடுப்பவர் | பூஞ்சை, ஹார்டுடிஸ்க் |
| இரண்டு கேமரா | கைவேலை, பாட்டு | சாதாரண உரையாடல் | எடிட்டிங் நாட்கள் |

## வாங்காமல் வாடகைக்கு எடுத்தால்?

வருடத்துக்கு மூன்று நான்கு பேட்டி மட்டும் என்றால் கோயம்புத்தூரில் ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது மலிவு. ஆனால் மழையால் நாள் போனாலும் வாடகை ஓடும். ஆட்களோடு வண்டி வருகிறது என்றால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் போட வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய தயக்கம் வேறு. வாடகை மீட்டர் ஓடும்போது நாமே பெரியவரை அவசரப்படுத்த ஆரம்பிப்போம். முதல் நாள் வெறுமனே போய்ப் பேசிவிட்டு, இரண்டாம் நாள் கேமராவை எடுப்பது வாடகையில் நடக்காது.

## அந்த 40,000 ரூபாய்க்கு

கூடலூர் ஆசிரியைக்கு நான் சொன்னது: இருக்கும் போனே போதும். காலர் மைக் இரண்டு, ஒன்று உதிரி. 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் ஒன்று, நல்ல ஹெட்போன், 30 வாட் எல்இடி பேனல், அதற்கு இரண்டு பேட்டரி, விளக்குக்கு ஒரு ஸ்டாண்ட், போனுக்கு ஆடாத ஒரு ட்ரைபாட். எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்கும், மிச்சத்தில் ஒரு ஹார்டுடிஸ்க். இலங்கையிலிருந்து வந்த நாட்களைப் பெரியவர்களாக அனுபவித்தவர்கள் இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால், கேமராவுக்குப் பணம் சேரட்டும் என்று இன்னொரு வருடம் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குன்னூர் தம்பிக்குக் கொஞ்சம் வேறு. அவருக்குப் பாட்டும் வேண்டும். பாட்டில் குரல் ஏறி இறங்கும், பலர் சேர்ந்து பாடுவார்கள், காலர் மைக் ஒருவரை மட்டும் பிடிக்கும். அவர் ரெக்கார்டரை மடியில் வைக்காமல், அதன் சொந்த ஸ்டீரியோ மைக்கை வைத்து நடுவில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தலாம். விளக்கை இப்போது விட்டுவிட்டு, ஹட்டி முற்றத்தில் கூரை நிழலில், திறந்தவெளிப் பக்கம் முகம் இருக்க உட்காரவைத்து எடுக்கலாம். நேர் வெயில் வேண்டாம், இந்த உயரத்து வெயிலில் கண்குழி கறுத்துவிடும். விளக்குக்கான பணத்தில் ரோம உறையும், இரண்டாவது ட்ரைபாடும். இரண்டாவது கேமராவாக நண்பரின் போன்.

இருவருக்கும் சேர்த்துச் சொன்ன இன்னொன்று. பேச்சு முடிந்ததும் மைக்கை உடனே கழற்ற வேண்டாம். எல்லோரையும் அப்படியே ஒரு நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள்: அடுப்பில் விறகு வெடிப்பது, தூரத்துத் தொழிற்சாலை, தகரத்தில் சொட்டும் பனிநீர். வெட்டிய இடங்களில் அடியில் அதைப் போட்டால் ஓட்டை தெரியாது. சத்தம் வருகிறதென்று வந்ததும் ஃப்ரிட்ஜை அணைத்திருப்பீர்கள். உங்கள் பைக் சாவியை அப்போதே அதற்குள் வைத்துவிடுங்கள், போட மறந்துவிட்டுக் கிளம்ப முடியாது.